பகவதியம்மாள் வாசித்த தீர்மானம்

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அங்கேயே இருந்தேன். சிக்கலே அதுதான். கேட்ட கதை என்றால் பிழைகளைச் சொன்னவர் தலையில் கட்டிவிடலாம். இருந்து பார்த்ததை எழுத உட்கார்ந்தால், மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணி நீலமா பச்சையா என்பதே எனக்கு நிச்சயமில்லை. முதல் வரைவில் பச்சை என்று எழுதினேன். பகவதியம்மாள் நீலம் என்று அடித்துச் சொன்னார். நான் தயங்கினேன். எந்த நிறத்தை எழுதினாலும் ஏதாவது ஒரு கட்சி கோபித்துக்கொள்ளும். ஆகவே இனி இந்தக் கதையில் துணிகளுக்கு நிறம் கிடையாது. கட்சிக்குப் பெயரும் கிடையாது.

நான் திருவனந்தபுரத்துக் கரமனையில் இருக்கிறேன். படிப்பதும் பேசாமல் இருப்பதும் எனக்குப் பிடித்த வேலைகள். இரண்டுக்கும் யாரும் சம்பளம் தராததால் ஓர் அலுவலகத்துக்கும் போகிறேன். எங்கள் ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, எழுதுகிறவர்கள் கொஞ்சம். ஒருவனுக்கு எழுத வரும் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பத்திரிகை முதல் ஓட்டுக் கேட்கும் நோட்டீஸ் வரை வாசல் தேடி வரும். பகவதியம்மாளும் அப்படி வந்தவர்தான். ‘சாலை’ என்ற பெயருள்ள கடைத்தெருவில் கயிறும் சாக்கும் விற்பவர், கிள்ளிக்கரை வார்டின் கவுன்சிலர். (வார்டின் பெயரை நான் வைத்தேன். வரைபடத்தில் தேடிக் களைக்க வேண்டாம்.)

ஒரு விஷயத்தைக் கடைசி வரை ஒளித்து வைத்திருந்து சட்டென்று எடுத்துக் காட்டும் திறமை எனக்கு இல்லை. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் அந்தக் கட்சியின் ஒரே தமிழ் முகமான பகவதியம்மாளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

2

தொடக்கம், முதல் முயற்சி: “பகவதியம்மாள் அன்று விடியலில் கண் விழித்தபோது ஆற்றின் மேல் மெல்லிய பனி—”

வேண்டாம். அவர் கண் விழித்ததை நான் பார்க்கவில்லை. அவரும் பனியைப் பார்த்திருக்க மாட்டார். எழுந்ததும் போனைத்தான் பார்ப்பார்.

இரண்டாம் முயற்சி: “கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினர் உள்ளாட்சி அரசியலில் பங்கேற்பதன் வரலாற்றை நோக்குங்கால்—”

நோக்குங்கால் எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாம் முயற்சி குரலிலிருந்து தொடங்குகிறது. அதுவே சரி, ஏனென்றால் அவர் அரசியலும் அங்கிருந்துதான் தொடங்கியது. ஒரு தேர்தலில் கட்சியின் அறிவிப்பு ஜீப் சாலைத் தெருவில் நின்றுபோனது. மைக்கில் பேச வந்தவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடை வாசலில் கயிறு அளந்துகொண்டிருந்த பகவதியம்மாள், “இந்தக் குரல வச்சா ஓட்டு கேக்க வந்திய? இங்க கொண்டா” என்று மைக்கை வாங்கினார். வாங்கியதைச் சாயங்காலம் வரை திருப்பித் தரவில்லை. வேட்பாளரைப் புகழ்ந்தார், எதிர் வேட்பாளரை அவர் அம்மா பெயரோடு விசாரித்தார், நடுவில் தன் கடைக்கும் ஒரு விளம்பரம் செய்துகொண்டார். அடுத்த தேர்தலில் கிள்ளிக்கரை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கட்சி ஆளைத் தேடி அலையவே இல்லை.

[இங்கே அவர் வளர்ச்சியை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். சுருக்கம்: நின்றார், பேசினார், ஜெயித்தார், மேலும் பேசினார்.]

அவர் படித்தது கோட்டைப் பக்கத்து மலையாளப் பள்ளியில். வீட்டில் தமிழ், கடையில் தமிழ், சண்டையில் தமிழ். எழுத்து என்று வந்தால் மலையாளம். இங்கே இது அதிசயமே இல்லை. எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் தமிழாள் என்றால் தமிழ் வாசிப்பார் என்று கட்சி நம்பியது, யாரும் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரு முறை இருந்தது. நான் பேச்சை எழுதி, வாசித்து, போனில் குரல் பதிவாக அனுப்புவேன். அவர் கயிறு அளந்துகொண்டே கேட்பார். மனப்பாடம் ஆவதற்குள் பாதியை மாற்றியிருப்பார்.

“சாரே, அந்த ‘ஆகவே’ய எடுத்துரும். எங்க தெருவுல ஒருத்தன் ‘ஆகவே’ன்னு ஆரம்பிச்சா போலீசு வந்திருக்குன்னு அர்த்தம்.”

(இந்தக் கதையின் முதல் பத்தியில் ஓர் ‘ஆகவே’ இருக்கிறது. அவரால் கண்டுபிடிக்க முடியாது என்ற தைரியத்தில் வைத்தேன்.)

3

இனி கௌசிக்.

கௌசிக்கைக் கெட்டவனாக எழுதினால் கதை சுலபமாக நகரும். மூன்று வரைவுகளில் முயன்றேன், ஒன்றில் மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. அவன் கரமனை அக்கிரகாரத்துப் பையன், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. வேலை முடிந்து அந்த நெரிசலில் பஸ் பிடித்து வந்து, சுவரொட்டி ஒட்ட நிற்பான். தமிழைத் தானாகவே உட்கார்ந்து படித்தவன். கரமனைப் பக்கத்துக் கட்சிக்காரர்களில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவனுக்கும் ஒரு வார்டு வேண்டும் என்று தோன்றியதில் என்ன குற்றம்?

கட்சியில் தமிழாளுக்கு இருந்தது ஒரே ஒரு நாற்காலி. யாரும் எழுதி வைத்த விதி கிடையாது. மாவட்டச் செயலாளர் சுகதன், “தமிழ்ப் பிராதிநித்யம் ஆயல்லோ, ஒரு ஆள் உண்டல்லோ” என்று, பிரதிநிதிக்கு ஓர் ஆள் போதும் என்பதாகச் சிரித்தபடி சொல்வார், அவ்வளவுதான். கிள்ளிக்கரை இந்த முறை பெண்களுக்கான ஒதுக்கீட்டிலிருந்து பொது வார்டாக மாறியது. நாற்காலியைச் சுற்றி இப்போது இரண்டு பேர்.

கௌசிக் தன் தங்கையின் கல்யாணப் பத்திரிகையோடு கடைக்கு வந்த அன்று நானும் ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். சுத்தமான தமிழ்ப் பத்திரிகை. பகவதியம்மாள் அதைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“அச்சு நல்லாருக்கு மோனே.”

“முகூர்த்தத்துக்கே வந்துடணும் சேச்சி.”

“பின்னே, வராம? என்னைக்கு?”

“அதான் போட்டிருக்கே.”

“போட்டிருக்கு, போட்டிருக்கு. பிள்ளையாரு நல்ல லட்சணமா இருக்காரு, கேட்டியா.”

கௌசிக் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கயிற்றுச் சுருளைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒரு விளக்கு மெல்ல எரியத் தொடங்கியதை—

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று சொன்னால் போதும்.

4

தேர்தலுக்கு முன்னால் கரமனையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கட்சி ‘மொழிச் சிறுபான்மையர் சங்கமம்’ நடத்தியது. முக்கியமான இடம் இதுதான், ஆகையால் நிதானமாக எழுத நினைக்கிறேன். ஆனால் நினைத்தாலே சிரிப்பு வந்து கை ஓடிவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கமத்தின் முடிவில் தமிழில் ஒரு தீர்மானம் வாசித்து நிறைவேற்ற வேண்டும். அதை எழுதச் சொன்னது என்னிடம். கௌசிக் என் வீட்டுக்கு வந்து அச்செடுத்த தாளை வாங்கிக்கொண்டான்.

“சேச்சிக்குப் பதிவு பண்ணி அனுப்பணுமே” என்றேன்.

“நீங்க எதுக்கு சிரமப்படறேள்? மேடையில நான்தான் வாசிக்கப் போறேன்.”

நான் நம்பினேன். மண்டபத்தில் சாலை வியாபாரிகள், கரமனைக் குடும்பங்கள், எல்லைப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். பின்னால் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். போளியும் பால்பாயசமும் என்ற செய்தி மேடை வரை வாசனையாக வந்து சேர்ந்திருந்தது. அப்போது கௌசிக் மைக் முன்னால் வந்தான்.

“தீர்மானத்தை வாசிக்கும் உரிமை எனக்கு இல்லை. நம் தமிழ்க் குரலுக்குத்தான் உண்டு. பகவதியம்மாள் சேச்சி அவர்களை அழைக்கிறேன்!”

கைதட்டல். தாள் அவர் கைக்குப் போனது. இரண்டு பக்கமும் தமிழ், வேறு எழுத்தே இல்லை. அவரால் வாசிக்க முடியாவிட்டால் அத்தனை தமிழர் முன்னால், போன் கேமராக்கள் முன்னால், தமிழ் முகம் தமிழ் தெரியாத முகமாகிவிடும். கிள்ளிக்கரை அன்று மத்தியானமே கௌசிக்குக்குப் போய்விடும்.

அந்த நேரத்தில் அவருக்குத் தாள் எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். மலையாள எழுத்தின் சாயலில் ஒரு ‘ப’, ஒரு ‘வ’, ஒரு ‘உ’ தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி முகம் காட்டினார்களாம். மற்றதெல்லாம் நறுக்கிப் போட்ட கயிற்றுத் துண்டு. வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியதாம். பிறகு மைக்கைப் பார்த்தாராம். பழைய மைக், பழகிய மைக்.

கண்ணாடியை மாட்டினார். தாளை உயர்த்தினார்.

நான் எழுதியிருந்தது இதுதான்: “இச்சங்கமம் தலைமைக்குத் தன் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது.” இதையே நாலைந்து விதமாக எழுதியிருந்தேன். அப்படித்தான் கேட்டிருந்தார்கள்.

அவர் வாசித்தது:

“இந்தச் சங்கமம் தீர்மானிக்குது! ஒண்ணாவது. சாலைச் சந்தைக்குப் பின்னால உள்ள ஓடை. மழைக்கு முந்தி அதைத் தூர் வாரணும். மழை வந்த பொறவு வந்து போட்டோ எடுக்கப்படாது.”

மண்டபம் அதிர்ந்தது. அவர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். கண்களும் இடமிருந்து வலம் போயின. எழுதிய எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது.

“ரெண்டாவது. வார்டு கூட்டத்துக்கு வர்ற நோட்டீசு தமிழ்லயும் வரணும். வாசிக்கத் தெரிஞ்சவன் வாசிக்கட்டும், தெரியாதவன் வாசிக்கச் சொல்லிக் கேக்கட்டும்!”

தாளைத் திருப்பினார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், சரியான இடத்தில் திருப்பினார். ஒரு பத்தி அங்கேதான் முடிகிறது.

கௌசிக்கின் கையில் இன்னொரு பிரதி இருந்தது. அவன் எழுந்துவிட்டான். வாயும் திறந்துவிட்டது. ‘எழுதியிருக்கிறதை வாசிங்கோ’ என்ற ஒரே ஒரு வரி போதும். அவன் எழுந்ததைப் பகவதியம்மாள் பார்த்தார், தாளுக்கு மேல் விளிம்பு வழியாக.

“மூணாவது.” குரல் தணிந்தது. “இத்தன காலமும் கட்சியில தமிழாளுக்கு ஒரே ஒரு சீட்டு. ஒரு நாற்காலியப் போட்டு ரெண்டு பேரச் சுத்தி ஓட விட்டது மதி, போதும்! இனி ரெண்டு சீட்டு. கிள்ளிக்கரை ஒண்ணு, பக்கத்து வார்டு சந்தைமுக்கு ஒண்ணு. கிள்ளிக்கரைக்கு ஆளு யாருன்னு சொல்ல வேண்டாம். சந்தைமுக்குக்கு…” தாளை மூக்கருகே கொண்டுபோனார், எழுத்து பொடியாக இருப்பது போல. “படிச்ச, சின்ன வயசுள்ள, கரமனைக்காரன் ஒருத்தன்!”

சுகதன் வடகேரளத்திலிருந்து வந்தவர். சினிமாத் தமிழ் அவருக்கு நன்றாகப் புரியும். ஆனால் தமிழ்ப் பேச்சு ஓடும் நேரம்தான் மேடையில் தலைவர்கள் போன் பார்க்கும் நேரம். கைதட்டல் கேட்டு நிமிர்ந்து, ஏதாவது சிக்கலா என்று கௌசிக்கிடம் குனிந்து கேட்டார்.

“எந்தா மோனே, குழப்பம் வல்லதும் உண்டோ?”

நின்ற நிலையில், திறந்த வாயோடு, கௌசிக் யோசித்தான். உண்டு என்று சொன்னால் இந்தக் கூட்டத்தில் ஓடைக்கும் நோட்டீசுக்கும் எதிராகக் கை நீட்டியவன் ஆவான். அதோடு சந்தைமுக்கும் போகும்.

“ஒரு குழப்பமும் இல்ல சேட்டா. தீர்மானம்தான்” என்றான். முதல் கையை அவனே தூக்கினான்.

“எங்கில் எல்லாரும் கை பொக்கிக்கோ” என்று சுகதனும் சிரித்துக்கொண்டே கை உயர்த்தினார். ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் போளி சாப்பிடப் போனோம். நான் இரண்டு சாப்பிட்டேன்.

5

மறுநாள் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வந்தது: தமிழர்க்கு இரண்டு வார்டுகள். படத்தில் சுகதன் கை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். அதை யாரோ அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர் போன் வந்தபோது பகவதியம்மாள் ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்டேன்.

“ரெண்டு சீட்டோ! ஆரு கொடுத்து?”

“நீங்கதான் சேட்டா. கை பொக்கினது யாரு, நானா?”

“தீர்மானப் பேப்பரில் அதுதன்னெயாணோ எழுதியது?”

“பின்னே? கண்ணாடி போட்டுல்லா வாசிச்சேன்.”

புரியாமல் கை தூக்கினோம் என்று கட்சி சொல்ல முடியாது. அதனால் கட்சிகள் இங்கே வழக்கமாகச் செய்வதைச் செய்தது: இரண்டு பேர் கொண்ட விசாரணைக் கமிஷன். ஒருவர் வக்கீல் ரெம்யா, தமிழ் அறியாதவர். இன்னொருவர் பாறசாலைப் பக்கத்து சத்தியநேசன், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கட்சியில் பழைய ஆள். அவரை ஏன் போட்டார்கள்? தமிழாள் அல்லவா, தாளை வாசித்துச் சொல்லிவிடுவார் என்றுதான்.

கட்சி அலுவலக மாடியில், மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான், பகவதியம்மாள், கௌசிக். பகவதியம்மாள் என் அருகில் நேராக உட்கார்ந்திருந்தார். முந்தானையின் நுனியைச் சாக்குத் தைக்கும் கோணியூசியைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். இன்று தோற்றால் வார்டு மட்டும் போகாது. ‘தமிழ் அறியாத தமிழத்தி’ என்று சாலைத் தெரு சாகும்வரை சொல்லும்.

முதலில் மேடை வீடியோவைப் போட்டார்கள். எல்லோரும் இன்னொரு முறை கேட்டோம். பிறகு ரெம்யா தாளை என் முன்னால் வைத்தார்.

“இது நிங்ஙள் எழுதியதாணோ?”

“ஆமாம்.”

உண்மை. அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

“கௌசிக்?”

“இதே தாள்தான், மேடம்.” அவன் கண்கள் சந்தைமுக்கில் இருந்தன.

“சாரே, ஒந்நு வாசிச்சு நோக்கூ” என்று ரெம்யா சத்தியநேசன் பக்கம் திரும்பினார்.

சத்தியநேசன் தாளை வாங்கினார். (தலைகீழாகப் பிடித்தார் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். எழுதியும் இருந்தேன். ஆனால் அவர் நேராகத்தான் பிடித்தார்.) கண்ணாடியைத் துடைத்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மின்விசிறி சுற்றியது.

மௌனத்தில் எனக்கு ஓரளவு பயிற்சி உண்டு. வாசிக்கிறவனின் மௌனம் ஒரு மாதிரி, வாசிக்க முடியாதவனின் மௌனம் வேறு மாதிரி. சத்தியநேசனின் மௌனம் இரண்டில் எது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. பகவதியம்மாள் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தது மட்டும் தெரிந்தது.

சத்தியநேசன் தாளை மடித்தார்.

“சரிதான். மேடையில வாசிச்சது எல்லாம் இதுல உண்டு.”

படியிறங்கும்போது பகவதியம்மாள் என் தோளைத் தட்டினார். “நல்லா எழுதியிருக்கீரு சாரே.”

6

இங்கே கதை மூன்றாகப் பிரிகிறது. என்னால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

அ. சத்தியநேசனும் மலையாளப் பள்ளியில் படித்தவர், வாசிக்கத் தெரியாது. அதைக் கமிஷன் முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, வீடியோவில் கேட்டதையே சொல்லிவிட்டார். தமிழாள் என்றால் வாசிப்பான் என்ற ஒரே நம்பிக்கையில் கட்சி இரண்டு முறை விழுந்தது.

ஆ. அவர் ஒவ்வொரு எழுத்தையும் வாசித்தார். பாறசாலைப் பக்கத்தில் பல காலம் அவரும் ஒரு நாற்காலியைச் சுற்றி ஓடியவர், கடைசிவரை உட்கார்ந்ததில்லை. என் நன்றிகளை எல்லாம் வாசித்துவிட்டு, இப்படி ஒரு தாளைவிட அப்படி ஒரு குரல் மேல் என்று முடிவு செய்தார்.

இ. பாதி வாசித்தார், பாதியில் தூக்கம் வந்தது. (நான் எழுதிய தீர்மானம் என்பதால் இதையும் தள்ளிவிட முடியாது.)

பிறகு ஒருநாள் தம்பானூர் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கேட்டே விட்டேன். “சார், அன்னைக்கு அதை வாசிச்சீங்களா?”

“உம்ம கையெழுத்து நல்ல கையெழுத்து, கேட்டீரா” என்று சொல்லி, பாறசாலை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

தாள் கம்ப்யூட்டரில் அச்சடித்தது. அவர் என்னைக் கேலி செய்தாரா, தப்பித்தாரா என்று பஸ் மறையும் வரை நின்று யோசித்தேன். நீங்களும் யோசித்துக்கொள்ளுங்கள். முடிவு உங்களுடையது. நான் நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

7

கட்சி இரண்டு வார்டுகளையும் கொடுத்தது. பகவதியம்மாள் கிள்ளிக்கரையில் நன்றாகவும், கௌசிக் சந்தைமுக்கில் தட்டுத் தடுமாறியும் ஜெயித்தார்கள். அவர் தமிழில் உறுதிமொழி எடுத்தார், மலையாள எழுத்தில் நான் எழுதிக் கொடுத்த தாளைப் பிடித்துக்கொண்டு. கௌசிக் மலையாளத்தில் எடுத்தான். ஒரு தமிழ் உறுதிமொழி போதும் என்று சொல்லிவிட்டார்கள். நிலைக்குழுத் தலைவர் பதவி ஒன்று தமிழாளுக்கு என்று பேச்சு எழுந்திருக்கிறது. மறுபடி ஒரே நாற்காலி, அதனால் இருவரும் இப்போது முறைப்போடு மலையாளத்தில் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். சுகதனை மாநிலக் குழுவுக்கு அனுப்பினார்கள், அதைப் பதவி உயர்வு என்றே அறிவித்தார்கள். ரெம்யா பாதி நாள் கோர்ட்டில் இருக்கிறார். சத்தியநேசன் பாறசாலையில் வாழை போட்டிருக்கிறார். ஓடையை ஒருமுறை தூர் வாரினார்கள். நோட்டீஸ் தமிழிலும் வருகிறது. அதைப் பகவதியம்மாளுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

இந்தக் கதையையும் கடையில் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து, ‘ஆகவே’யை மட்டும் விழுங்கிவிட்டு, முழுக்க வாசித்துக் காட்டினேன். கயிறு அளந்தபடி கேட்டார். துணியின் நிறத்துக்குத் தலையை ஆட்டினார், போளிக்குச் சிரித்தார். முடிந்ததும் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடி போட்டு, தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

“சாரே, இம்புட்டும் இதுல எழுதியிருக்கீரா, இல்ல நீரா சொல்லுதீரா?”

எழுதியிருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. சாட்சிக்கு உங்களைத்தான் கூப்பிடப் போகிறேன்.